இரவு மெயிலுக்குப் படுக்கைப் பெட்டி வாங்கப் போற ஆக்களுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கும், எந்தப் பெட்டி வாங்கிறது, எத்தினை வாங்கிறது, உள்ளுக்க என்னென்ன பூட்டுறது எண்டு முடிவெடுக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

கேக்கிறதை முதலே கேட்டுடுறன். கொழும்பு கோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில ஓடுற இரவு மெயில் ரெயினுக்கு, சாதாரண சனம் காலை நீட்டிப் படுத்து வரக்கூடிய ரெண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டிகள் வேணும். ரூரிஸ்ட்டுக்கெண்டு ரெண்டு ஆடம்பரப் பெட்டியைக் கொழுவிப்போட்டு வடக்குக்கு ஸ்லீப்பர் குடுத்திட்டம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. இலங்கை இரவு மெயில்களில முதலாம் வகுப்பு பேர்த் எண்டது பழைய விசயம், ரெண்டு பேருக்கு ஒரு அறை, கதவைச் சாத்திப்போட்டுப் படுக்கலாம், ஆனா அதில போறது எத்தினை பேர், மிச்ச ரெயின் முழுக்க குந்திக்கொண்டும் கழுத்தைச் சரிச்சுக்கொண்டும் தானே விடியும் வரைக்கும் வருது.

இப்ப கொஞ்ச நாளா எல்லாற்ர வாட்ஸ்அப்பிலயும் இந்தியாவின்ர புது வந்தே பாரத் ஸ்லீப்பர் வீடியோ சுத்துது, நீங்களும் பாத்திருப்பியள். 2024 செப்டம்பரில பெங்களூர் பெமல் தொழிற்சாலையில காட்டின பெட்டி, 2026 ஜனவரியில ஹவுராவுக்கும் குவாஹாத்திப் பக்கம் காமாக்யாவுக்கும் இடையில ஓடத் தொடங்கிட்டுது. 16 பெட்டி, 823 படுக்கை, அதில 11 பெட்டி மூண்டடுக்கு ஏசி. ஒவ்வொரு படுக்கைக்கும் தனி வாசிக்கிற லைற், போன் சார்ஜ் பண்ண யுஎஸ்பி, தானாத் திறக்கிற கதவு, மணக்காத கக்கூஸ், முதலாம் வகுப்பில குளிக்கச் சுடுதண்ணி கூட இருக்கு. பாத்த உடன எங்கட ஆக்கள் எல்லாரும் கொமெண்ட் போடுறது இதை இஞ்சயும் கொண்டு வாங்கோ எண்டுதான். அது நடக்காது, ஏன் எண்டா அது மேல கம்பியில இருந்து 25 கிலோவோல்ற் கரண்ட் எடுத்து ஓடுற ரெயின், எங்கட நாட்டில ஒரு பாதைக்கும் அந்தக் கம்பி இல்ல, எல்லாம் டீசல். அந்த ரெயினை அப்பிடியே கொண்டுவந்து இறக்கினாலும் நிப்பாட்டி வச்சுப் பாக்கத்தான் ஏலும்.

ஆனா பெட்டிக்கு உள்ளுக்க இருக்கிற சாமானுக்குக் கம்பி தேவையில்ல. தண்டவாள அகலமும் ஒண்டுதான், அங்கயும் 1676 மில்லிமீற்றர் இஞ்சயும் 1676. சென்னை பெரம்பூர் ஐசிஎப் ரெயில் பெட்டித் தொழிற்சாலையில கட்டின பெட்டிகள் ஏற்கனவே எங்கட பாதையில ஓடிக்கொண்டிருக்கு. ஆனபடியால் டீசல் எஞ்சின் இழுக்கிற மாதிரிச் சாதாரண படுக்கைப் பெட்டி செய்விச்சு எடுக்கிறது ஏலாத காரியம் இல்ல, எஞ்சின் இழுக்கிற படுக்கைப் பெட்டி அங்க ஆயிரக்கணக்கில ஓடுது. என்ன செய்விக்கிறது எண்டதிலதான் எல்லாம் இருக்கு, அதைப்பற்றித்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

இரவில கொழும்புக்குப் போற ஆக்கள் ஆர் எண்டு முதல் பாருங்கோ. கம்பஸ் பெடியள், எம்பசிக்கு விசா அலுவலாப் போற ஆக்கள், கட்டுநாயக்காவில பிளேன் பிடிக்கப் போறவை, வெள்ளவத்தையில மகள் வீட்டுக்குப் போற அம்மாமார், கனக்க நோயாளியள். தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி இருந்தாலும் சில சிகிச்சைக்கு, சில ரெஸ்ருக்கு கொழும்புப் பக்கம் மகரகம ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம், விடிய ஆறு ஏழு மணிக்கே லைனில நிக்கவேணும், அப்ப முதல் நாள் இரவே வெளிக்கிட்டாத்தான் சரி. கொழும்பில தங்க வீடு இல்லாத ஆக்கள் இரவு போய்ப் பகல் கிளினிக் முடிச்சு அடுத்த இரவே திரும்புவினம். ரெண்டு இரவு, ரெண்டுமே சீற்றில குந்தினபடி.

என்ர சித்திக்கு வயித்தில ஒப்பரேசன் செய்து தையல் ஆறாமல் இருக்கேக்க அவவை ஒரு தனியார் இரவு பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனன். சீற் பின்னுக்குச் சரியும் எண்டு சொல்லித்தான் புக் பண்ணினது, ஏறிப் பாத்தா எங்கட சீற் மட்டும் உடைஞ்சு நேர நிக்குது. அவ ஒரு தலையணியை வயித்தோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்தா. சாப்பாட்டுக்கடையில நிப்பாட்டினா அங்க பொம்பிளையளின்ர கக்கூஸ்ல தண்ணி இல்ல, இனி எங்க நிப்பாட்டுவியள் எண்டு கொண்டக்டரைக் கேட்டா நேரம் போகுது அம்மா எண்டுறார். அண்டைக்குப் பின்னேரத்தில இருந்தே அவ தண்ணி குடிக்கேல்ல, ஏன் எண்டு நான் கேக்கத் தேவையில்ல, எங்கட ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் இரவுப் பயணத்துக்கு முதல் அப்பிடித்தான், தொண்டை காஞ்சாலும் குடிக்க மாட்டினம். சிறுநீரக வருத்தக்காரரும் அதைத்தான் செய்யினம். படுத்துப் போறதைச் சொகுசு எண்டு நினைக்கிற ஆக்கள் ஆராவது உந்த மேசையில இருந்தால் அவைக்கு இதைச் சொல்லுங்கோ.

இன்னொரு ஆக்கள் இருக்கினம், அவையைப்பற்றி ஒரு ரெண்டர் பேப்பரிலயும் எழுதப்பட்டதை நான் கேள்விப்படேல்ல. யுத்தத்தில கால் போன ஆக்கள் வடக்கில எத்தினை பேர் எண்டு உங்களுக்குத் தெரியும். பொய்க்கால் போட்ட ஆள் இரவு முழுக்க அதைப் போட்டுக்கொண்டு குந்தி இருக்க ஏலாது, முட்டியில உராய்ஞ்சு புண் வரும், வேர்த்து ஊறும். கழட்டவேணும். கழட்டினா எங்க வைக்கிறது, நடைபாதையில வச்சா ஆரும் தட்டி விழுத்திப்போடுவினம், மேல தட்டில வச்சா எட்டி எடுக்க ஏலாது. அவைக்குக் கீழ்ப் படுக்கை வேணும், படுக்கைக்குப் பக்கத்தில கையெட்டுற உயரத்தில ஒரு கால் நீளத்துக்கு ஒரு வளையமோ பட்டியோ வேணும், கழட்டின காலை நிமித்திக் கட்டி வைக்க. இரவில எழும்பி ஒத்தைக் காலில கக்கூசுக்குப் போக படுக்கையில இருந்து கதவு வரைக்கும் பிடிச்சுக்கொண்டு போற கம்பி வேணும். அந்தக் கம்பிக்கும் பட்டிக்கும் என்ன பெரிய காசு முடியப் போகுது? பெட்டி கட்டேக்க போட்டா வடிவா இருக்கும், பிறகு வெல்ட் பண்ணினா அசிங்கமாவும் இருக்கும் ஆட்டமும் எடுக்கும்.

இந்தப் பாதையின்ர கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆனாலும் ஒருக்காச் சொல்லுறன். 1905 இல காங்கேசன்துறை வரைக்கும் முழுசாத் திறந்தது, 1956 இல யாழ்தேவி ரெயின் வந்தது, 1990 இல யுத்தத்தால நிண்டது. பிறகு தண்டவாளமே இல்லாமல் போச்சு. 2014 ஒக்டோபரில திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு ரெயின் வந்த அண்டைக்கு ஸ்ரேசன்ல நிண்ட கிழவியள் எஞ்சினைத் தொட்டுக் கும்பிட்டவை, 2015 ஜனவரியில காங்கேசன்துறை வரைக்கும் போச்சு. 2023 இல அநுராதபுரம் ஓமந்தைப் பாதையை ஆறு மாசம் பூட்டிவச்சு மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடக்கூடிய மாதிரித் திருத்தினவை. பாதைக்கு இவ்வளவு செய்தாச்சு, அதில ஓடுற பெட்டிக்கும் செய்யுங்கோ எண்டுதான் கேக்கிறம்.

சரி, எந்த மாதிரிப் பெட்டி. என்னைக் கேட்டா வந்தே பாரத்தைவிட நீங்கள் வடிவாப் பாக்கவேண்டியது 2021 இல இந்தியாக்காரர் விட்ட மூண்டடுக்கு ஏசி எக்கொனமிப் பெட்டி. சாதாரண மூண்டடுக்கு ஏசியில 72 படுக்கை, இதில 83. கதவடியில இடத்தை அடைச்சுக்கொண்டு நிண்ட கரண்ட் அலுமாரியளைப் பெட்டிக்குக் கீழ கொண்டுபோய்ப் பூட்டித்தான் அந்த இடத்தை எடுத்தவை. படுக்கைக்குப் படுக்கை தனி ஏசித் துவாரம், தனி லைற், ஏறுறதுக்கு முந்தியதைவிட நல்ல ஏணி, சக்கர நாற்காலி போகக்கூடிய கதவும் கக்கூசும். டிக்கெட் விலையும் சாதாரண மூண்டடுக்கைவிடக் குறைவு எண்டு கணக்குப் போட்டுத்தான் அதைக் கொண்டுவந்தவை. எங்களுக்கு வேணுமெண்டது இதுதான், கனபேர் படுக்கலாம், விலையும் தாங்கும்.

ஆனா படுக்கை கூட்டுறதுக்கும் ஒரு அளவு வேணும். முந்தி ஒருக்கா இந்தியாவில நடைபாதைப் பக்கத்து ரெண்டு படுக்கைக்கும் நடுவில இன்னொண்டைச் செருகி, படுத்தவை நிமிர ஏலாமல் மூச்சு முட்டி, சனம் ஏசின ஏச்சில பிறகு கழட்டினவை. எங்களுக்கு அந்தப் பக்கத்து நடுப்படுக்கை வேண்டவே வேண்டாம், இருபது படுக்கை குறைஞ்சாலும் பரவாயில்ல.

ஏணியைப்பற்றி ஒரு சொல். சீலை கட்டின அறுபது வயசு மனிசி எப்பிடி மேல் படுக்கைக்கு ஏறுவா எண்டு வரைபடம் கீறுற ஆள் யோசிக்கவேணும். மெல்லிய குழாய்க் கம்பி உள்ளங்காலில வெட்டும், செருப்பைக் கழட்டிப்போட்டுத்தானே ஏறுறது. படி தட்டையா அகலமா இருக்கவேணும், முதல் படி நிலத்தில இருந்து உயரத்தில இருக்கக் கூடாது, மேல போய்த் திரும்பி இருக்கிற இடத்தில பிடிக்க ஒரு கைபிடி வேணும். எவ்வளவு நல்ல ஏணி போட்டாலும் வயசானவைக்கும் வருத்தக்காரருக்கும் பிள்ளைத்தாச்சிப் பொம்பிளையளுக்கும் கீழ்ப் படுக்கையை ஒதுக்கத்தான் வேணும், இந்தியாவில ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறு ஏழு கீழ்ப் படுக்கை வயசானவைக்கும் 45 வயசு கடந்த பொம்பிளையளுக்கும் கர்ப்பிணியளுக்கும் எண்டு கொம்பியூட்டரே ஒதுக்கி வைக்கும், எங்கட புக்கிங் சிஸ்ரத்திலயும் அதை முதல் நாளில இருந்தே போடலாம்.

இனிக் கக்கூஸ். வெக்கப்படாமல் கதைப்பம், ஏன் எண்டா இரவுப் பயணத்தில பாதி அதுதான். பழைய பெட்டியளில எல்லாம் நேர தண்டவாளத்தில விழுறது, ஸ்ரேசன்ல நிக்கேக்க பாவிக்கக் கூடாது, பாதையில வேலை செய்யிற தொழிலாளியள் அதுக்கு மேலதான் நடக்கிறது, அது அவையளுக்குச் செய்யிற அநியாயம். புதுப் பெட்டியில தாங்கி இருக்கிற வக்கூம் கக்கூஸ் போடுங்கோ, பிளேனில இருக்கிற மாதிரி, ஒருக்கா அமத்தினா அரை லீற்றர் ஒரு லீற்றர் தண்ணியோட இழுத்துக்கொண்டு போயிடும். ஆனா ஒண்டைக் கவனியுங்கோ, மிச்சம் பிடிச்ச தண்ணியில கழுவுற பைப்புக்கும் வாளிக்கும் குடுங்கோ. எங்கட சனம் பேப்பரில துடைக்கிற சனம் இல்ல, தண்ணி இல்லாட்டி அந்தக் கக்கூசை ஒருதரும் பாவிக்க மாட்டினம், பாவிச்சாலும் அடுத்த ஆள் உள்ளுக்க போக ஏலாது. ஒரு பெட்டிக்கு ஒரு குந்துற கக்கூசாவது வேணும். ஒண்டு பொம்பிளையளுக்கு எண்டு தனியா, உள்ளுக்க மாதவிடாய் பாட் போட மூடி உள்ள தொட்டி, சுவரில பை கொழுவ ஒரு கொக்கி, நிலம் ஈரமா இருக்கேக்க பையை எங்க வைக்கிறது? வவுனியாவிலயும் அநுராதபுரத்திலயும் தண்ணி நிரப்ப ஏலுமான மாதிரிக் குழாய் வாய் ரெண்டு பக்கமும் இருக்கட்டும். தாங்கியளை உறிஞ்சி எடுக்கிற இடமும் மெசினும் காங்கேசன்துறையிலயோ கொழும்பிலயோ வேணும், அதையும் அதே ரெண்டரில எழுதாட்டி ஆறு மாசத்தில கதவில பூட்டுத் தொங்கும்.

பொம்பிளையள் தனியப் போறதைப்பற்றி. இரவு பஸ்ஸில பக்கத்துச் சீற்றில ஆர் வருவான் எண்டு தெரியாது, அதாலயே நல்ல வேலை கிடைச்சும் இன்டர்வியூவுக்குப் போகாமல் விட்ட பிள்ளையளை எனக்குத் தெரியும். பெட்டியில ஒரு பக்கம் ரெண்டு மூண்டு தடுப்பை, அதாவது படுக்கையள் சேர்ந்த பகுதியை, பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு குடுத்து, நடைபாதையில கமரா போட்டு, கார்டைக் கூப்பிடுற பட்டனைக் கையெட்டுற இடத்தில வையுங்கோ. அமத்தினா மூண்டு மொழியிலயும் கதைக்கக்கூடிய ஆள் அந்தப் பக்கம் இருக்கவேணும். அறிவித்தலும் அப்பிடித்தான், நித்திரையில இருந்து திடுக்கிட்டு எழும்பிற ஆளுக்குக் கிளிநொச்சியோ மாங்குளமோ எண்டு தமிழிலயும் காதில விழோணும், ஆனா ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் எல்லாரையும் எழுப்பத் தேவையில்ல, ஒவ்வொரு தடுப்புக்கு மேலயும் சின்னச் சிவப்பு எழுத்தில அடுத்த ஸ்ரேசன் பேர் ஓடினாப் போதும். 2023 இல ஒஸ்ரியாக்காரர் விட்ட புது நைட்ஜெற் இரவு ரெயினில தனியப் போற ஆளுக்கெண்டு பூட்டக்கூடிய சின்னக் கூண்டு மாதிரிப் படுக்கை செய்திருக்கினம், சப்பாத்துக்கும் பைக்கும் பூட்டுற பெட்டியோட. எங்களுக்கு அவ்வளவு வேண்டாம், இழுத்து மூடத் திரையும், தலைமாட்டில போன் வைக்கிற ஒரு வலைப் பையும் இருந்தாலே பெரிய நிம்மதி.

சாமான் வைக்கிற இடத்தை மறக்காதேங்கோ. கறுத்தக்கொழும்பான் மாம்பழச் சீசனில ஒரு தரம் வந்து பாருங்கோ, முருங்கைக்காய்க் கட்டு, புளுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், நல்லெண்ணெய்ப் போத்தல், மாம்பழப் பெட்டி, எல்லாம் கொழும்பில இருக்கிற பிள்ளையளுக்கு. திரும்பி வரேக்க இன்னொரு கட்டு. கீழ்ப் படுக்கைக்கு அடியில குறுக்குக் கம்பி ஒண்டும் இல்லாமல் ஒரு உரப்பை நேர போகக்கூடிய உயரம் விடுங்கோ, சூட்கேஸைப் பூட்டிச் சங்கிலி போட ஒரு வளையம். மாம்பழப் பெட்டியை நடைபாதையில வைக்கவேண்டி வந்தா இரவு கக்கூசுக்குப் போற கிழவர் அதில தடக்கி விழுவார்.

நித்திரை குழம்பிறது எதால எண்டும் பாக்கவேணும். சனம் இருக்கிற பெட்டிக்கு அடியிலேயே எஞ்சின் பூட்டின பவர் செற் மாதிரி வேண்டாம், இரவு முழுக்க முதுகுக்குக் கீழ அதிர்ந்துகொண்டு இருக்கும், தனி எஞ்சின் இழுக்கிற பெட்டிதான் நல்லம். ஏசிக்கும் லைற்றுக்கும் ஜெனரேற்றர் பெட்டி வேணும் எண்டால் அதுக்குப் பக்கத்தில படுக்கைப் பெட்டியைக் கொழுவாதேங்கோ, இடையில சாமான் பெட்டியோ சீற் பெட்டியோ போகட்டும். இந்தியாவில எல்எச்பி எண்ட ஜேர்மன் மாடல் பெட்டி வந்த புதுசில வெளிக்கிடேக்கயும் நிப்பாட்டேக்கயும் கப்ளிங்கில ஒரு வெட்டு வெட்டும், படுத்த ஆள் சுவரில போய் முட்டும், கன முறைப்பாடு வந்து பிறகுதான் கொழுவுற பகுதியை மாத்தினவை. வாங்கேக்க அந்தப் பழைய மாடலை எங்கட தலையில கட்டிப்போடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. ஏசியை 18 இல வச்சு வயசானவையை நடுங்கப்பண்ணாதேங்கோ, அதுக்குத்தான் படுக்கைக்குப் படுக்கை தனித் துவாரம் கேக்கிறன். நெருப்புப் பிடிக்காத சாமானில செய்தது எண்டு எழுத்தில வாங்குங்கோ, வந்தே பாரத் ஸ்லீப்பருக்கு ஈஎன் 45545 எண்ட ஐரோப்பிய விதியைப் போட்டிருக்கினம், நித்திரையில இருக்கிற ஆளுக்கு ஓட நேரம் கிடைக்காது, இதில மட்டும் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

போர்வை தலையணி குடுக்கிறதெண்டால் தோய்க்கிற ஏற்பாட்டோட குடுங்கோ. 2024 இல இந்தியப் பாராளுமன்றத்திலேயே ரெயில்வே அமைச்சர் கம்பளி மாசத்துக்கு ஒருக்காவாவது தோய்க்கிறம் எண்டு சொன்னவர், அதைக் கேட்டிட்டு ஆர் முகத்தில போர்ப்பினம். அங்க பிறகு கம்பளிக்கு உறை போட்டுக் குடுக்கத் தொடங்கினவை. எங்களுக்குச் சுத்தமான ஒரு பருத்தி விரிப்பும் ஒரு தலையணி உறையும் போதும், போர்வை நாங்கள் வீட்டில இருந்து கொண்டு வருவம். சாப்பாடும் கட்டிக்கொண்டு வருவம். ஆனா பால்மா கரைக்கவும் குளிசை போடவும் பெட்டிக்கு ஒரு சுடுதண்ணிப் பைப் வையுங்கோ, கைக்குழந்தையோட போற தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி இல்ல.

இப்ப நீங்கள் சொல்லுவியள், 2025 நவம்பரில டித்வா புயல் நாடு முழுக்கப் பாதையளை அடிச்சுக்கொண்டு போயிட்டுது, முதல் பாதை, பிறகுதான் பெட்டி எண்டு. உண்மை, பாதையில்லாமல் பெட்டியை வச்சு என்ன செய்யிறது, அதில ஒரு வாக்குவாதமும் இல்ல. ஆனா பெட்டி ஓடர் குடுத்தாலும் கட்டி, கப்பலில ஏத்தி, இஞ்ச ஓட்டிப் பாத்து முடிய எப்பிடியும் வருசக்கணக்கு எடுக்கும். வரைபடம் கீறுறதுக்கும் சனத்திட்டக் கேக்கிறதுக்கும் இப்பவே தொடங்கலாம், அதுக்கு ஒரு பாலமும் திருத்தத் தேவையில்ல.

கடைசியா ஒரு வேண்டுகோள், இதை மட்டும் எப்பிடியாவது செய்யுங்கோ. ஓடர் உறுதியாக முதல், பலகையிலயாவது ஒரு தடுப்பை முழு அளவில செய்து, ஆறு படுக்கை, ஏணி, கக்கூஸ் ஒண்டு, யாழ்ப்பாணம் ஸ்ரேசன் பிளாட்போமில ஒரு கிழமை வையுங்கோ. சீலை கட்டின அம்மாமார் ஏறிப் பாக்கட்டும், பொய்க்கால் போட்ட அண்ணைமார் படுத்து எழும்பிப் பாக்கட்டும், கைக்குழந்தைக்காரி பிள்ளையோட அந்தக் கக்கூசுக்குள்ள திரும்ப ஏலுமோ எண்டு பாக்கட்டும். பக்கத்தில ஒரு கொப்பியும் பேனையும் வச்சு, தமிழ் விளங்கிற ஒரு எஞ்சினியரையும் இருத்தி விடுங்கோ. சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேத்து வையுங்கோ, கிளிநொச்சி வவுனியாப் பக்கத்து ஆக்களும் அப்பத்தான் வந்து பாக்க ஏலும்.

நன்றியுடன்,
யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு இரவு மெயில் பயணி